முதலடி விழா

நீர்மேட்டுக் குடியிருப்பின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும் கூட்டம் அங்கே வரிசையில் நிற்கும். அவரவர் பெயர் எழுதிய பெட்டியில் செருப்பை வைத்துப் பூட்டிவிட்டு, காவலர் துரைசிங்கத்திடம் உள்ளங்காலைக் காட்ட வேண்டும். சிலர் தோல் நிறத்தில் மெல்லிய ரப்பர் உறை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்களாம். அதனால் அவர் விரலால் சுரண்டிப் பார்ப்பார். அவரும் எங்கள் ஆள்தான். ஆனால் வாரியம் அவருக்கு முழங்கால் வரை பூட்ஸ் கொடுத்திருக்கிறது.

"காட்டு எஸ்தரு, அந்தக் காலு," என்றார் அன்றைக்கும்.

"நேத்து இருந்த அதே காலுதாண்ணே. புதுசா எதுவும் மொளைக்கல."

உள்ளே தெரு ஈரமாகக் கிடந்தது. சித்திரை வெயிலிலும் அது காயாது. தெளிப்பான்கள் காலையும் மாலையும் சுழன்று மண்ணை நனைத்துவிடும். சிமெண்டும் தாரும் போடக் கூடாது என்பது ஒப்பந்தம். நடுத்தெருவில் அன்று யார் வீட்டுக் குழந்தைக்கோ முதலடி விழா. நடக்கத் தொடங்கும் குழந்தையைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, மேளம் கொட்டி, ஈர மண்ணில் முதன்முதலாக இறக்கிவிடுவார்கள். வாரியத்தின் கேமரா படம் பிடிக்கும். தொட்டிலும் பட்டுச் சட்டையும் பரிசு. அந்தக் குழந்தை மண்ணின் சில்லிப்பில் கூச்சப்பட்டுச் சிரித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தா அடுத்தவர் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர். நாங்கள் சொந்தத் தெருவில் வெறுங்காலோடு நடக்கிறோம். இதற்குப் பெயர் முன்னேற்றம் என்று வாசல் திரையில் நாள் முழுக்க ஓடுகிறது.

வீட்டில் என் தங்கை ரூபாவதி படியில் உட்கார்ந்து பச்சரிசியை மென்றுகொண்டிருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். அரிசி இல்லையென்றால் சாம்பலைத் தின்பாள். குழாயடி வரை போய் வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். அவள் நகங்கள் வெளுத்து, நடுவில் குழிந்து போயிருந்தன. அவள் புருஷன் கடலுக்குள் உப்பு நீக்கும் மேடையில் வேலை பார்க்கிறான். குழந்தை பிறந்த பிறகுதான் அவனுக்கு விடுப்பு.

"அக்கா, காதுக்குள்ள யாரோ தண்ணி எறைக்கிற மாதிரி சத்தம் கேட்டுக்கினே இருக்கு," என்றாள்.

அது ரத்தம் இல்லாத சத்தம். அம்மா சாகும்போதும் அதைத்தான் சொன்னாள்.

காரணம் என்ன என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொக்கிப்புழு. மண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்து ஏறி, குடலில் பல்லைப் பதித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு. எங்கள் அம்மா காலத்தில் அதை ஒழிக்கப் பள்ளிக்கூடத்திலேயே மாத்திரை கொடுத்தார்கள். சப்பிச் சாப்பிடும் மாத்திரை, இலவசம். கிட்டத்தட்ட ஒழித்தும்விட்டார்கள். பிறகுதான் மேட்டுநகரத்தார் நோய்வாய்ப்பட்டார்கள்.

அவர்கள் வடிகட்டிய காற்றில் பிறந்து, வடிகட்டிய நீரில் குளித்து வளர்ந்தவர்கள். சண்டை போட வெளியே ஒன்றும் கிடைக்காததால் அவர்கள் உடம்பு தன்னையே கடிக்கத் தொடங்கியது. குடல் புண்ணானது, மூட்டு வீங்கியது, குழந்தைகள் வலியில் துடித்தன. வயிற்றில் சில கொக்கிப்புழுக்கள் இருந்தால் அந்த உடம்பு அடங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். இளம்புழுக்களைப் பிளாஸ்திரி மாதிரி ஒரு ஒட்டில் வைத்துக் கையில் ஒட்டினால் போதும். ஆனால் அந்தப் புழு எந்தக் கண்ணாடிக் குடுவையிலும் முட்டையிட மறுத்தது. அதற்கு மனிதக் குடல்தான் வேண்டும். மனிதர்களுக்கு எங்கே போவது என்று தேடினார்கள். கடல் ஏறி வந்து எங்கள் குப்பங்களைத் தின்றுவிட்டதால் நாங்கள் பள்ளிக்கூட வராந்தாக்களில் கிடந்தோம். நாங்கள் கிடைத்தோம்.

புழுவுக்குக் காப்புப்புழு என்று பெயர் மாற்றினார்கள். எங்களுக்குத் தாங்கிகள் என்று பெயர். நலப்பேணல் வாரியம் வீடு கொடுத்தது, அரிசி கொடுத்தது, இரும்புச்சத்து சிரப் கொடுத்தது. பதிலுக்கு ஒவ்வொரு வீட்டுப் படியிலும் காலையில் ஆளுக்கொன்றாக மலம் நிறைந்த டப்பாவை மூடி வைத்துவிட வேண்டும். சேகரிப்பு வண்டி எடுத்துப் போகும். அதில் முட்டை எவ்வளவு என்று பார்த்து, வீட்டு முகப்பில் ஒரு விளக்கு எரியும். பச்சை என்றால் நல்ல வீடு. சிவப்பு என்றால் யாரோ மாத்திரை போட்டிருக்கிறார்கள், வீட்டைப் பூட்டுவார்கள்.

மறுநாள் ரூபாவைக் குடியிருப்பு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எதிர்வீட்டு சலீமாம்மா தன் மருமகள் நஸ்ரினைக் கூட்டி வந்திருந்தார். நஸ்ரினுக்கு மூன்றாம் மாதம், மசக்கை. டாக்டர் நிவேதன் இளைஞர், கட்டாயப் பணிக்கு வந்தவர். பூட்ஸோடுதான் உட்கார்ந்திருப்பார்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குங்க," என்றார் ரூபாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு. "சிரப்பை விடாம குடிக்கச் சொல்லுங்க."

"அவ சிரப்பைக் குடிக்கிறா, அவள புழு குடிக்குது. யாருக்கு டாக்டர் ஊத்துறீங்க சிரப்பு? மாத்திரை குடுங்க."

"விலக்கு மனு போடணும். வாரியக் குழு கூடித்தான் முடிவு பண்ணும்."

"எப்பக் கூடும்?"

அவர் திரையைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். "பிரசவத்துக்கு அப்புறமா ஆகலாம்."

"அப்புறம் யாருக்குக் குடுப்பீங்க? போட்டோவுக்கா?"

ரூபா என் கையைப் பிடித்து இழுத்தாள். டாக்டரின் காது சிவந்துவிட்டது. "இந்த மாசத்துல அந்த மாத்திரை அவங்களுக்கு நல்லதுதாங்க. குடுக்காம விட்டா பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாக்கூட தாங்க மாட்டாங்க. எனக்குத் தெரியும். ஆனா நான் எழுதினாலும் மருந்தளிப்பி திறக்காது. இந்தக் குடியிருப்புல அந்த மருந்துக்குப் பூட்டு போட்டிருக்காங்க." மூலையில் நின்ற இயந்திரத்தைக் காட்டினார். தெரிந்தும் சும்மா இருப்பவரை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் மேட்டுநகரத்தில் மிருதுளா மேடம் வீட்டில் சமைக்கிறேன். அவர்கள் மகன் நிலனுக்குக் குடல் நோய். சின்ன வயதில் வலியில் அவன் சுருண்டு கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன், மடியில் போட்டுத் தடவிக் கொடுத்திருக்கிறேன். ஒட்டு போட்ட பிறகு ஓடுகிறான், பந்தடிக்கிறான். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஒட்டு போட்ட இடத்தில் அரிப்பு அதிகமானாலோ, முகம் கொஞ்சம் வெளுத்தாலோ உடனே வெளியேற்று மாத்திரை கொடுத்து, சில வாரம் ஓய்வு விட்டு மறுபடி ஒட்டுவார்கள். அந்த மாத்திரை அட்டை சமையலறை அலமாரியில் சீரக மிட்டாய்க்குப் பக்கத்தில் இருந்தது. பூட்டு கிடையாது.

திருடுவதற்கு முன்னால் கேட்டுப் பார்த்தேன்.

"உங்களுக்கெல்லாம் அது கூடாதே எஸ்தர்," என்றார் மேடம். "ரூல்ஸ் இருக்குல்ல?"

"அவ செத்துருவா மேடம்."

"அப்படியெல்லாம் பேசாதே. உங்க உடம்புக்கு அது பழகினது. எங்களுக்குத்தான் தாங்காது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க ஒவ்வொருத்தரா மாத்திரை போட்டுக்கிட்டா நிலனுக்கு யாரு இருக்கா, சொல்லு?"

கெட்ட மனுஷி இல்லை. பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. மதியம் அவர் தூங்கியதும் ஒரு அட்டையை எடுத்துக் கொண்டைக்குள் செருகிக்கொண்டேன். மீதி இருந்தது ஒரே அட்டைதான், அதையும் எடுத்தால் நிலனுக்கு இல்லாமல் போய்விடும் என்று விட்டுவிட்டேன். எங்களுக்கு இந்தப் புத்தி மட்டும் போகவே போகாது. சாயங்காலம் வாசலில் துரைசிங்கம் காலை மட்டும்தான் பார்த்தார். காலுக்கு மேலே ஒரு மனுஷி இருப்பது அவர் வேலையில் சேராது.

ரூபா மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். மறுபடி மண்ணில் கால் வைத்தால் மறுபடி ஏறும். டாக்டரிடம் போய், "படுத்தே இருக்கணும்னு எழுதிக் குடுங்க, அதுக்கு எந்தப் பூட்டும் இல்லல்ல?" என்று கேட்டேன். அவர் எதையோ புரிந்துகொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார்.

இனி டப்பா. நான் என்னுடையதைப் பிரித்து ரூபாவின் டப்பாவிலும் போட்டேன். அசிங்கம் பார்த்தால் தங்கை இல்லை. ஆனால் ரூபாவுக்கு வாய் நிற்காது. பக்கத்து வீட்டு மேரிபுஷ்பத்திடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள். "கவலப்படாத, நான் பாத்துக்கறேன், யாராண்டயும் சொல்லாத," என்றிருக்கிறாள் மேரி. சலீமாம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள், அவரும் அதையே சொல்லியிருக்கிறார். மேரியின் நாத்தனார் ஜக்கம்மா எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தானாகவே முடிவு கட்டியிருக்கிறாள். எங்கள் தெருவில் ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் கேட்காமலே குழம்பு வந்து சேரும். ஒருத்தி கொடுத்தது இன்னொருத்திக்குத் தெரியாது. அந்த வீட்டில் நாலு குழம்பு சேர்ந்துவிடும். இதுவும் அப்படித்தான் ஆனது. விடியற்காலையில் ஒவ்வொருத்தியாக வந்து, மூடியைத் திறந்து, ஆசையோடு அள்ளிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ரூபாவின் நகத்தில் சிவப்பு ஏறியது. அரிசி மெல்வதை நிறுத்தினாள். குழந்தை வயிற்றில் உதைக்க ஆரம்பித்தது. அதுவரை அது சும்மாவே கிடந்ததை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. எங்கள் வீட்டு விளக்கு பச்சையாக எரிந்தது. பிறகு ஒருநாள் நீலமாக எரிந்தது. நீலம் என்று ஒன்று இருப்பதே தெருவில் யாருக்கும் தெரியாது.

வாரியத்திலிருந்து பூச்செண்டோடு ஆள் வந்தது. குடியிருப்பிலேயே அதிக முட்டை தந்த தாங்கி ரூபாவதியாம். பொற்பாதம் விருதாம். தலைவரே நேரில் வந்து கொடுப்பாராம்.

நடுத்தெருவில் மேடை போட்டார்கள். தலைவர் பூட்ஸுக்கு மேல் வேட்டி கட்டியிருந்தார். மண்ணின் மக்கள் என்றார், தியாகம் என்றார், உங்கள் பாதங்களை வணங்குகிறேன் என்றார். வணங்கத்தான் செய்தார், குனிந்து, கேமராவுக்குத் தோதாக. தங்க முலாம் பூசிய பாதம் ஒன்றை ரூபாவின் கையில் கொடுத்தார். பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்: "இவ்வளவு வளமான உடல் இதுவரை கிடைத்ததில்லை. ஆகவே சகோதரி ரூபாவதியை இன்று முதல் தாய்த்தாங்கியாக உயர்த்துகிறோம். பேரொட்டு இந்த மேடையிலேயே அணிவிக்கப்படும்."

டாக்டர் நிவேதன் தட்டோடு வந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு. மேட்டுநகரக் குழந்தைக்கு வைப்பது பொட்டு அளவுதான். ரூபா என்னைத் தேடிக் கூட்டத்தைப் பார்த்தாள். டாக்டர் அவள் கண்ணிமையைப் பார்த்தார், அது சிவந்திருப்பதைப் பார்த்தார். தட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"ஒட்டுங்க டாக்டர்," என்றார் தலைவர்.

நான் மேடையில் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று இப்போதும் நினைவில்லை. ஒட்டைப் பிடுங்கிக் கீழே போட்டு, தட்டைக் கவிழ்த்து அதன்மேல் மூடினேன்.

"அவ வயித்துல ஒரு புழுவும் இல்ல!" என்று கத்தினேன். "மாத்திரை நான்தான் திருடிக் குடுத்தேன். புள்ளத்தாச்சிய்யா அவ. எங்கம்மாவக் குடிச்சீங்க, இவளையும் மேடை போட்டுக் குடிக்கணுமா?"

ஒலிபெருக்கியை அணைத்தார்கள். தலைவர் சிரித்தபடியே கேட்டார்: "அப்ப டப்பாவுல இருந்தது யாருதும்மா?"

"என்னுது."

"இல்ல, என்னுது," என்று கீழிருந்து எழுந்தாள் மேரிபுஷ்பம்.

சலீமாம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீயுமா போட்ட? நான்ல தெனம் போட்டுக்கினு இருந்தேன்!"

"ஏன் அண்ணி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள் ஜக்கம்மா மேரியிடம். "நான் வேற ரெண்டு கரண்டி..."

யாரோ சிரித்தார்கள். பிறகு தெருவே சிரித்தது. தலைவர் முன்னால், கேமரா முன்னால், மேளக்காரர்கள் உட்பட எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. தலைவரின் முகத்தில் மட்டும் சிரிப்பு போயிருந்தது.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டைப் பூட்டினார்கள். மிருதுளா மேடம் வேலையை விட்டு நிறுத்தினார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், குடியிருப்பின் கம்பிவேலியை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் ஒதுங்கினோம். ரூபாவுக்கு நகரத்து இலவச ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் போகத்தான் செய்தது. இழக்கும் அளவுக்கு உடம்பில் ரத்தம் இருந்ததால் பிழைத்தாள் என்று நர்ஸ் சொன்னார். குழந்தைக்கு ஜெபமணி என்று பெயர் வைத்தோம்.

நஸ்ரின் பிரசவத்தில் பிழைக்கவில்லை. விருதுக்குப் பிறகு ஒவ்வொரு டப்பாவுக்கும் மரபணுச் சோதனை வந்துவிட்டது. ஒருத்திக்காக இன்னொருத்தி போட முடியாது. என் கைக்கு மாத்திரை கிடைக்க வழி இல்லை. நான் அலமாரியில் விட்டுவந்த அந்த இன்னொரு அட்டையை நினைத்துச் சுவரில் தலையை மோதிக்கொண்டேன். சலீமாம்மா அவளுக்காகப் போட்டிருந்த விலக்கு மனுவை ஏற்றுக்கொண்டதாக வாரியத்தின் செய்தி வந்தபோது, அவளை அடக்கம் செய்துவிட்டு, கை மண்ணைக்கூடக் கழுவாமல் வீட்டார் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சலீமாம்மா கையில் நஸ்ரினின் மகள். ஒரு மாத்திரை! மிட்டாய் மாதிரி சப்பிச் சாப்பிடும் மாத்திரை!

ஜெபமணி நடக்கத் தொடங்கியதும் சந்தையில் பீப்பீ செருப்பு வாங்கினேன். அடி வைத்தால் பீக் என்று கத்தும் குட்டிச் செருப்பு. வேலியோரமாக அவள் நடந்தாள். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அது இன்னாது சத்தம்?" என்று கேட்டார்கள். பீப்பீ செருப்பை அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. காவலர் வந்து விரட்டினார். நாங்கள் மறுநாளும் நடந்தோம். அதற்கடுத்த நாளும்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் சலீமாம்மா வேலிக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"பேத்தி நிக்கிறா எஸ்தரு. வெள்ளிக்கெழம முதலடி வச்சிருக்காங்க. தலைவரே வராராம், அவங்கம்மா செத்ததுக்கு ஆறுதலா." ஜெபமணியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் செருப்பு பாப்பாவுக்கு இறுக்கமா ஆயிருக்குமே இப்ப?"

ரூபா குனிந்து குழந்தையின் செருப்பைக் கழற்றினாள். வேலிக்கு அடியில் மண்ணைக் கையால் பறித்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். ஜெபமணி வீறிட்டு அழுதாள். அவளைத் தரையில் விடாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் வேலிக்கு வெளியே நின்றோம். மண்ணை நன்றாக நனைத்திருந்தார்கள். மேளம் முழங்கியது. தலைவர் வேட்டியும் பூட்ஸுமாக நின்றார். சலீமாம்மா பேத்தியைத் தூக்கி வந்தார். பாதம் மறைய நீளமான கவுன் போட்டிருந்தது குழந்தை.

"எறக்கி விடுங்கம்மா," என்றார் தலைவர்.

குழந்தை ஈர மண்ணில் நின்றது. தடுமாறியது. ஓர் அடி வைத்தது.

பீக்.

மேளம் நின்றுவிட்டது. தலைவர் கேமராவைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "துரைசிங்கம்!" என்று உறுமினார்.

துரைசிங்கம் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டு வந்தார். குழந்தையின் காலருகே மண்டியிட்டு, கவுனை விலக்கி, கையை நீட்டினார். நான் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் விரல்கள் குழந்தையின் காலில் ஏதோ செய்தன. பிறகு எழுந்து நின்றார்.

"செருப்பு வாரு அவுந்திருந்துச்சுங்க," என்றார். "மாட்டி வுட்டேன்."

குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சலீமாம்மாவை நோக்கி அடுத்த அடியை வைத்தது.